முதலில் சேமிப்பு, பிறகு கடன்

(ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுநர்களும் மகளிர் குழுவினரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பரிசல் ஓட்டும் அண்ணன் தம்பிகளே, மகளிர் குழுத் தாய்மார்களே, மீன் வறுத்து விற்கும் அக்காமார்களே, எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளத் தோழர்களே!

வீட்டுக் கடனைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "வரவுக்குள் செலவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். முதல் தேதியானால் சம்பளம் வருகிறவர்களுக்கு அந்த அறிவுரை போதும். நாளைக்கு வரவு உண்டா இல்லையா என்பதை ஆறு தீர்மானிக்கிற ஊரில் அது போதாது. அதனால், இந்த ஊரின் வரவு எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை. மாமரத்துக்கடவில் பரிசலுக்கு வரிசை நிற்கும். மீன்கடை அடுப்பு அணையாது. ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்த வாரங்களில்தான் கைக்கு வருகிறது. ஜூன் பிறந்ததும் பள்ளி திறக்கிறது. நோட்டு, பை, செருப்பு, வேன் கட்டணம் என்று அந்தப் பணம் கரைகிறது. அது கரைந்து முடியும் நேரத்தில் ஆடி வருகிறது. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பினால் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் நீரளவு ஏறும். அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். உயிரைக் காக்கும் தடை அது. குறை சொல்ல முடியாது. ஆனால் 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் ஆடி, ஆவணியை நினைத்துப் பாருங்கள். நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் தண்ணீர் இருந்தது, ஆள் இல்லை.

வரவு நின்ற அந்த நாட்களில் அரிசி வாங்காமல் இருக்க முடியுமா? காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்க முடியுமா? இந்த ஊரில் பெரும்பாலான கடன் ஊதாரித்தனத்தால் பிறப்பதில்லை. வரவு வரும் நாளும் செலவு வரும் நாளும் வேறு வேறாக இருப்பதால் பிறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சொந்தப் பணத்தால் நிரப்புகிற வீடு கடனில்லாத வீடு. அடுத்தவர் பணத்தால் நிரப்புகிற வீடு கடனாளி வீடு. வருமானம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு வீடுகளில்கூட இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம்.

அந்த இடைவெளியை நிரப்ப இங்கே யார் யார் வருகிறார்கள்? முதலில் கைமாத்து. அது உறவுக்குள் நடப்பது, பெரும்பாலும் வட்டி கிடையாது. அடுத்தது அடகுக்கடை. அதற்கடுத்து தண்டல்காரர். பிறகு வாரத் தவணைக்குக் குழுக்கடன் தரும் கம்பெனிக்காரர்கள். வெளியூர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆள் சேர்க்கிற மேஸ்திரியின் முன்பணமும் உண்டு. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையிலிருந்து போகவிடாமல் பிடித்துவைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய பொறுப்பே சட்டப்படி அழிந்துவிடுகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

தண்டலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்கிறார். முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூறு ரூபாய்தானே, ஒரு சவாரியில் கட்டிவிடலாம்" என்று தோன்றும். வட்டி 1,500. ஆனால் 8,500 ரூபாய் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. தினமும் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாகப் பார்த்தால் நான்காயிரத்துச் சொச்சம்தான் உங்களிடம் இருந்தது. அந்தத் தொகைக்கு, அதுவும் நூறு நாளுக்கு, 1,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 120-க்கும் மேலே போகிறது. நடுவில் பரிசலுக்குத் தடை வந்தால் தண்டல்காரர் அடுத்த தண்டலைத் தந்து பழைய தண்டலை அடைத்துக்கொள்வார். அன்றிலிருந்து நீங்கள் கட்டுவது வட்டிக்கு வட்டி.

வங்கியல்லாத இடங்களில் "மாதம் ஒரு வட்டிதான்" என்பார்கள். 12,000 ரூபாய் வாங்கி, மாதம் 1,120 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் வட்டி 1,440. பார்வைக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு அசலுக்கும் வாங்கப்படுகிறது. உண்மையில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு 21-க்கு மேல். ஆகவே யாரிடம் கடன் வாங்கினாலும், "குறையும் அசலுக்கு ஆண்டு வட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் முன்னோர் இதையெல்லாம் சகித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வட்டிக்கு எதிரான பழைய போராட்ட வரலாறு இந்த மண்ணுக்கு உண்டு. 1890-களில் சென்னை மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய வேளாண் வங்கிகளைப் பற்றி ஆராயச் சொன்னது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் ஊர் ஊராக ஏற்படுத்திய கடன் சங்கங்கள் நிக்கல்சனைக் கவர்ந்தன. ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், தங்கள் சேமிப்பையே ஒருவருக்கொருவர் கடனாகக் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் பதிவானது. இன்று உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்து, ராஜாஜி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் தர்மபுரியும் பென்னாகரமும் இருந்தன. 1937-இல் மாகாணத்தின் பிரதம அமைச்சரானதும் அவர் இரண்டு காரியங்களைச் செய்தார். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மறு ஆண்டு, 1938-இல், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டி முழுவதையும் அந்தச் சட்டம் தள்ளுபடி செய்தது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. குடியையும் கடனையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்ட அந்த வரிசையைக் கவனியுங்கள். இந்தப் பகுதிக் குடும்பங்களின் நிலையை அறிந்தவருக்கு அந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்கும் நோய்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். இன்றும் ஒரு வீட்டின் கடன் கணக்கை எழுத உட்கார்ந்தால், டாஸ்மாக் செலவை எழுதாமல் அந்தக் கணக்கு முழுமையாகாது. அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது சம்பவம் நம் மாவட்டத்திலேயே நடந்தது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் தர்மபுரி. பிறகுதான் சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும், அதன் பின் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் போனது. தேசிய வேளாண் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை 500 குழுக்களை இலக்காக வைத்துத் தொடங்கியது 1992-இல். அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்னே நம் மாவட்டத்துப் பெண்கள் குழுவாக உட்கார்ந்துவிட்டார்கள். பின்தங்கிய மாவட்டம் என்று நம்மைப் பட்டியலிடுகிறவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

அந்தக் குழுவின் நடைமுறை எப்படி இருந்தது? பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள். வாரம் தவறாத கூட்டம். ஆளுக்கு ஐந்து, பத்து ரூபாய்ச் சேமிப்பு. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் எழுதப்பட்டன. சேர்ந்த பணத்திலிருந்து, யாருக்கு அவசரம் என்று எல்லோரும் பேசி முடிவெடுத்து, உள்கடன் கொடுத்தார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி வைத்த குழுக்கள் உண்டு. அதுவும் கொஞ்சமில்லை. ஆனால் அந்த வட்டி வெளியே போகவில்லை. குழுவின் பொதுப் பணத்தில் சேர்ந்து, வாங்கியவருக்கே பங்காகத் திரும்பியது. மாதக்கணக்கில் இப்படிச் சேமித்துப் பழகிய பிறகுதான் வங்கிக் கடன்.

இந்த வரிசையைத்தான் இன்று நான் உங்களிடம் வலியுறுத்த வந்தேன். முதலில் சேமிப்பு, அடுத்து உள்கடன், கடைசியில் வங்கிக் கடன். சேமித்துப் பழகிய கைக்குத்தான் கடனைத் திருப்பும் பழக்கம் வருகிறது. தன் பணம் கொஞ்சம் இருக்கிறது என்ற தெம்பு இருப்பவள்தான் "இந்தக் கடன் வேண்டாம்" என்று சொல்ல முடியும்.

இப்போது நடப்பது என்ன? தெருவுக்குத் தெரு குழு இருக்கிறது. ஆனால் பல குழுக்கள் கடன் வாங்குவதற்காகவே கூட்டப்பட்டவை. ஆதாரைக் கொடு, பத்துப் பேரைச் சேர், பணத்தை வாங்கு, அடுத்த வாரத்திலிருந்து டியூ கட்டு. அங்கே சேமிப்பு இல்லை, தீர்மானம் இல்லை, யாருக்கு அவசரம் என்ற பேச்சும் இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் இருக்கிறது. பெயர் ஒன்றுதான், வேலை வேறு. 1989-இல் பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக உட்கார்ந்தார்கள். இன்று பல இடங்களில் ஒருவருக்கொருவர் வசூல்காரர்களாக உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு கம்பெனியின் டியூவை அடைக்க இன்னொரு கம்பெனியில் கடன், அதை அடைக்க மூன்றாவது. இதற்கு "ரொட்டேஷன்" என்று பெயரும் வைத்துவிட்டோம்.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆந்திரம் பார்த்தது. ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் பெருகி, 2010 அக்டோபரில் அந்த மாநில அரசு நுண்நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பின்னரே ரிசர்வ் வங்கி இந்தத் தொழிலுக்குத் தனி விதிகளை வகுத்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளில் சிலவற்றை உங்கள் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் தரப்படுவது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டியையும் கட்டணங்களையும் உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம்.

"மாத வருமானத்தில் பாதி" என்ற விதியில் ஒரு எச்சரிக்கை. எந்த மாத வருமானம்? மே மாத வருமானத்தைச் சொல்லிக் கடன் வாங்கிவிட்டு ஆகஸ்ட் மாதத்தில் கட்ட முடியாது. ஆற்றை நம்பிய குடும்பம், மிகக் குறைந்த வருமானம் வரும் மாதத்தை வைத்தே தவணையைக் கணக்கிட வேண்டும். பாதி என்பது கடன் கொடுப்பவர் தாண்டக் கூடாத எல்லை. நமக்கு அதுவே அதிகம்.

நகைக் கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டலோடு ஒப்பிட்டால் வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வைக்கும் நகைக் கடன் எவ்வளவோ மேல். ஆனால் மீட்கும் தேதி தெரியாமல் வைக்கிற நகை ஒரு நாள் ஏலத்துக்குப் போகும். வட்டி கட்டித் திருப்பித் திருப்பி வைக்கிற நகைக்கு நாம் கட்டிய வட்டியையெல்லாம் கூட்டினால் சில வீடுகளில் நகையின் விலையே வந்துவிடும். 2026 ஏப்ரல் 1 முதல், இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதியைத் தளர்த்தியிருக்கிறது. அதிகம் கிடைக்கிறது என்று அதிகம் வாங்காதீர்கள். எவ்வளவு தேவையோ அவ்வளவு. எந்த மாதம் மீட்பீர்களோ அந்த மாதத்தைக் கடன் சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள்.

சரி, ஏற்கெனவே கடனில் இருப்பவர் எப்படி வெளியே வருவது? முதல் வேலை, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவது. கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கியதும், மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கியதும் அந்தத் தாளில் வர வேண்டும். இந்த ஒரு வேலைக்குத்தான் துணிச்சல் வேண்டும். மற்றவை எல்லாம் கணக்கு. இரண்டாவது, எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைப்பது. பலர் யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுகிறார்கள். தண்டலை அடைக்க, கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைப்பது சரியான மாற்றம். வங்கித் தவணையைக் கட்டத் தண்டல் வாங்குவது தலைகீழ் மாற்றம். மூன்றாவது, கடன் அடைகிற காலத்தில் புதுத் தவணைப் பொருள் வீட்டுக்குள் வரக் கூடாது. செல்போனானாலும் சரி, பைக்கானாலும் சரி.

கடன் வருகிற வாசல்கள் சிலவற்றை அரசுத் திட்டங்களாலேயே அடைக்கலாம். பெரிய மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உதவுகிறது. அட்டை இல்லாத வீடு எத்தனை என்று உங்கள் குழுவில் எண்ணுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. மகளிர் உரிமைத் தொகையும் மாதம் ஆயிரம்; அதற்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலை 24 அன்று நம் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த ஆயிரத்தைக் காட்டி ஒரு புதிய டியூ ஏற்பாடு செய்துகொள்ளாதீர்கள். அது கடனை அடைக்கவும் சேமிக்கவும் வந்த பணமாக இருக்கட்டும்.

மிரட்டலுக்கும் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்கும் புதிய சட்டத்தை 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியது. வங்கி, நிதி நிறுவனம் மீதான புகாருக்கு ரிசர்வ் வங்கியின் 14448. செல்போன் கடன் செயலிகளின் மிரட்டலுக்கு சைபர் குற்றப் பிரிவின் 1930. இலவசச் சட்ட உதவிக்கு 15100. கடன் நெஞ்சை அழுத்தி வாழ்வே வெறுத்தது என்று யாருக்காவது தோன்றினால் 104-ஐ அழைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தக் கடனும் ஓர் உயிரின் விலை அல்ல.

கடைசியாக, இந்த ஊருக்கென்று ஒரு யோசனை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தொழில் நிற்கும் காலமும் குறையும் காலமும் முன்பே தெரியும். மீனவர்களுக்கு ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால், மாநில அரசு 1,500, மத்திய அரசு 1,500 சேர்த்து, தொழில் குறைந்த காலத்தில் 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. பரிசல் தடைக்குத் தேதி குறிக்க முடியாது. ஆனால் அது வரும் என்பது நமக்குத் தெரியும். பரிசல் தொழிலாளர்களுக்கும் இப்படியொரு திட்டம் வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேளுங்கள், ஊராட்சி ஒன்றியத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் மனுவாகக் கொடுங்கள்.

மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெருவெள்ளம் வரும்போது பிடித்து வைத்து, வறட்சியில் பாசனத்துக்குத் திறக்கிற வேலையை மேட்டூர் அணை 1934 முதல் செய்துவருகிறது. வீட்டு வரவுக்கும் அப்படி ஒரு தேக்கம் வேண்டும். சவாரி உள்ள நாளில் 20 ரூபாய் எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 200 நாள் தொழில் நடந்தால் 4,000 ரூபாய். இருபது பேர் உள்ள குழுவில் 80,000 ரூபாய். இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலேயே தொடர் வைப்பு தொடங்கலாம். இரட்டிப்பாகும், மாதம் பத்து வட்டி தருகிறேன் என்று வருகிற எவரிடமும் இதைக் கொடுக்காதீர்கள். 2012-இல் பெருந்துறை ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது நினைவிருக்கட்டும். தடை விதிக்கப்பட்ட நாட்களில் மட்டும், உறுப்பினருக்கு வட்டியில்லாமலோ மிகக் குறைந்த வட்டியிலோ அந்த நிதியிலிருந்து கொடுங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அதைத் தொடக் கூடாது.

தாய்மார்களே, உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதற்கு ஒரே ஒரு தீர்மானம் போதும்: வரும் சித்திரை முதல் தடைக்கால நிதி சேர்ப்பது என்று. உறுப்பினர் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். 1989-இல் தமிழ்நாட்டுக்கு வழிகாட்டிய மாவட்டம் இது. அந்த வழியை மறந்துவிடாமல், முதலில் சேமியுங்கள். கடன் பிறகு வரட்டும். வேண்டுமென்றால் மட்டும் வரட்டும்.